வெப்சைட் ஓடவில்லையா? பிஎச்பி, மைஎஸ்கியூஎல் பழகுகிறவர்கள் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

பிஎச்பி எழுதக் கற்றுத்தரும் வீடியோக்கள் ஏராளம் இருக்கின்றன. எழுதியது ஓடாமல் நின்றால் என்ன செய்வது என்று சொல்பவை குறைவு. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தைத்தான். அவர்களுக்கு மொழி ஓரளவு நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் எரர் வந்தவுடன் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் ஒரு கோளாறு நாலாகிவிடுகிறது. கோளாறு இருக்கும் இடம் தெரியும்வரை எதையும் மாற்றக்கூடாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு சின்ன ப்ராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம். தோவாளை பூச்சந்தையின் அன்றாட விலையை ஃபோனில் பார்க்க ஒரு பக்கம். பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, கேந்தி என்று பூவின் பெயர், கிலோ விலை, தேதி. இவ்வளவுக்கும் ஒரே டேபிள் போதும். விலையைப் பதிய ஒரு ஃபார்ம், காட்ட ஒரு பக்கம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸாம்ப் (அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் மூன்றையும் சேர்த்துத் தரும் தொகுப்பு) போட்டிருக்கிறீர்கள், டேட்டாபேஸைப் பார்க்க பிஎச்பிமைஅட்மின் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். தொடக்கக்காரர்களைப் படுத்தும் கோளாறுகள் அத்தனையும் இந்தச் சின்னப் பக்கத்துக்குள்ளேயே வந்துவிடும்.

எந்த இடத்தில் நிற்கிறது?

ஒரு பக்கம் திறப்பதற்குள் வேலை நான்கு கை மாறுகிறது. பிரவுசர் கேட்கிறது, வெப் சர்வரான அப்பாச்சி வாங்கிக்கொள்கிறது, பிஎச்பி உங்கள் கோடிங்கை ஓட்டுகிறது, மைஎஸ்கியூஎல் தகவலை எடுத்துக் கொடுக்கிறது. கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாஞ்சில் நாட்டு விவசாயி வயலுக்குள் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருக்க மாட்டார். கால்வாய்க் கரையோடு மேலே நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். நாமும் அதையே செய்யப்போகிறோம்.

1. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று மட்டும் அடித்துப் பாருங்கள். ஸாம்ப்பின் முகப்புப் பக்கம் வந்தால் அப்பாச்சி ஓடுகிறது.

2. ஸாம்ப்புக்குள் இருக்கும் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் புதிதாக ஒரு பிஎச்பி ஃபைல் வைத்து, ‘வணக்கம்’ என்று மட்டும் அச்சிடச் செய்யுங்கள். அது தெரிந்தால் பிஎச்பி ஓடுகிறது, ஃபோல்டரும் சரி.

3. இன்னொரு ஃபைலில் டேட்டாபேஸ் இணைப்பை மட்டும் எழுதி ஓட்டுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

4. உங்கள் பக்கத்தில் இருக்கும் அதே க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் வாக்கியத்தை) பிஎச்பிமைஅட்மினின் எஸ்கியூஎல் பகுதியில் ஒட்டி ஓட்டுங்கள்.

இந்த நான்கில் எது முதலில் தவறுகிறதோ, அங்கேதான் கோளாறு. நான்கும் சரியாக வந்தால் சேவையகங்களில் தப்பில்லை, உங்கள் பக்கத்தின் கோடிங்கில்தான் இருக்கிறது என்று நிம்மதியாகத் தேடலாம்.

இரண்டாவது படியிலேயே பலர் நிற்பார்கள். பக்கத்துக்குப் பதிலாக கோடிங்கே எழுத்து எழுத்தாகத் திரையில் தெரியும். ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்திருப்பீர்கள். அட்ரஸ் பாரில் லோக்கல்ஹோஸ்ட் இருக்காது, கம்ப்யூட்டரின் டிரைவ் பெயர் இருக்கும். அப்படித் திறந்தால் அப்பாச்சிக்கும் பிஎச்பிக்கும் அது தெரியவே தெரியாது. நோட்பேடில் எழுதிச் சேமித்திருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: ஃபைல் பெயரின் கடைசியில் டிஎக்ஸ்டி என்ற ஒட்டு சேர்ந்திருக்கலாம். விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். ஃபோல்டரின் வியூ பகுதியில் ஃபைல் எக்ஸ்டென்ஷன்களைக் காட்டச் சொல்லிவிட்டால் தெரிந்துவிடும்.

கோடிங்கை மாற்றியும் பக்கம் மாறவில்லையா? முதலில் கன்ட்ரோலும் எஃப்5-ம் சேர்த்து அழுத்துங்கள். அப்போதும் மாறாவிட்டால் நீங்கள் திருத்தும் ஃபைலும் திறக்கும் ஃபைலும் வேறு வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். டெஸ்க்டாப்பில் ஒரு காப்பி, எச்டிடாக்ஸில் ஒரு காப்பி என்று இருக்கும்.

ஃபோனில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் அது அந்த ஃபோனையே குறிக்கும். ஃபோனும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருக்கும்போது கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை அடிக்க வேண்டும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்ணாக இருக்கும். அதுவும் திறக்கவில்லை என்றால் விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள்.

ஸாம்ப் எழும்பவில்லை

ஸ்டார்ட் அழுத்தியவுடன் அப்பாச்சி பச்சையாகி உடனே அணைந்தால், பெரும்பாலும் அதற்கு வேண்டிய போர்ட்டை (தகவல் வந்துபோகும் வாசல் எண்ணை) வேறு ஏதோ பிடித்துவைத்திருக்கிறது. அப்பாச்சிக்கு 80-ம் 443-ம் வேண்டும், மைஎஸ்கியூஎல்லுக்கு 3306. ஸாம்ப் கன்ட்ரோல் பேனலில் நெட்ஸ்டாட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் எந்தப் போர்ட்டில் எந்த ப்ரோகிராம் இருக்கிறது என்று பட்டியல் வரும். விண்டோஸின் சொந்த வெப் சர்வர் 80-ல் உட்கார்ந்திருப்பது வழக்கம். அதை நிறுத்துங்கள், அல்லது அப்பாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் 80-ஐ 8080 ஆக்கிவிட்டு, லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பின்னால் :8080 சேர்த்துத் திறங்கள். 3306-ஐ வேறு ஒரு மைஎஸ்கியூஎல் பிடித்திருந்தால், அதைத் தனியாக இன்ஸ்டால் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். இரண்டில் ஒன்று மட்டும் ஓடட்டும்.

மைஎஸ்கியூஎல் மட்டும் எதிர்பாராமல் நின்றுவிட்டதாகச் சிவப்பில் வருவது வேறு கதை. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கரண்ட் போவதும் அதற்கேற்ப உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமே இல்லை. யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் மைஎஸ்கியூஎல் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அதன் ஃபைல்கள் பாதியில் நின்றுவிடும். அடுத்த தடவை அது எழும்ப மறுக்கும்.

இந்த இடத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இணையத்தில் தேடினால் டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ‘ஐபிடேட்டா1’ என்ற ஃபைலை அழித்துவிடச் சொல்லும் யோசனை முதலிலேயே வரும். அதை அழித்தால் மைஎஸ்கியூஎல் எழும்பிவிடலாம், உங்கள் டேபிள்கள் திறக்காது. டேபிள்களைப் பற்றிய விவரமே அதற்குள்தான் இருக்கிறது. சரியான வரிசை இது:

ஸாம்ப்பை முழுக்க மூடுங்கள். மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறு டிரைவிலோ பென்டிரைவிலோ காப்பி எடுங்கள். இது முடியும்வரை வேறு எதையும் தொடவேண்டாம். அப்புறம் அதே இடத்தில் எரர் லாக் ஃபைலைத் திறந்து கடைசி இருபது வரியைப் படியுங்கள். போர்ட் தகராறாக இருந்தால் அதிலேயே எழுதியிருக்கும். ஃபைல்தான் கெட்டிருக்கிறது என்றால், டேட்டா ஃபோல்டரின் பெயரை மாற்றிவையுங்கள். பக்கத்திலேயே பேக்கப் என்ற ஃபோல்டர் இருக்கும், அதைக் காப்பி எடுத்து ‘டேட்டா’ என்று பெயர் கொடுங்கள். பழைய ஃபோல்டரிலிருந்து உங்கள் டேட்டாபேஸ் பெயரில் இருக்கும் ஃபோல்டர்களையும் அந்த ‘ஐபிடேட்டா1’ ஃபைலையும் புதியதற்குள் கொண்டுவந்து போட்டு ஸ்டார்ட் அழுத்துங்கள். பெரும்பாலான நேரம் எல்லாம் திரும்பி வந்துவிடும். வந்தவுடன் பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் எடுத்துவையுங்கள்.

வேலை முடிந்து கம்ப்யூட்டரை அணைக்கும் முன் ஸாம்ப்பில் ஸ்டாப் அழுத்தும் பழக்கம் இருந்தால், இந்தத் தலைவலி அடிக்கடி வராது.

எரரை முழுதாகப் படியுங்கள்

என்னிடம் வரும் ஃபோன் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணா, சைட் ஓப்பன் ஆகல.”

“என்ன எரர் வருது?”

“இங்கிலீஷ்ல என்னமோ நீளமா வருது. க்ளோஸ் பண்ணிட்டேன்.”

“திரும்ப ஓப்பன் பண்ணி முழுசா வாசி. அவசரமே இல்ல.”

பாதிப் பேருக்கு வாசித்து முடிக்கும்போதே விடை கிடைத்துவிடும். பிஎச்பி எரரில் மூன்று விஷயம் இருக்கும்: என்ன தப்பு, எந்த ஃபைல், எத்தனையாவது வரி. அந்த வரிக்குப் போங்கள். அங்கே தப்பு தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். அரைப்புள்ளி விட்டுப்போனால் பிஎச்பிக்கு அது அடுத்த வரியில்தான் உறைக்கும். ஃபைலின் கடைசி வரியைக் காட்டி எதிர்பாராத முடிவு என்று சொன்னால், மேலே எங்கேயோ திறந்த நெளிவு அடைப்புக்குறி மூடவில்லை.

திரை வெள்ளையாக, ஒன்றுமே இல்லாமல் இருந்தால் எரர் இல்லை என்று நினைக்காதீர்கள். காட்ட வேண்டாம் என்று பிஎச்பியிடம் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தின் தலையில் எல்லா எரரையும் காட்டச் சொல்லும் இரண்டு வரியைச் சேர்க்கச் சொல்வார்கள். அது நல்லதுதான். ஆனால் அதே ஃபைலில் இலக்கணப் பிழை இருந்தால் அந்த இரண்டு வரியும் ஓடாது, ஏனென்றால் ஃபைலே ஓடத் தொடங்கவில்லை. அதனால் பிஎச்பியின் ஐஎன்ஐ ஃபைலிலேயே ‘டிஸ்ப்ளே எரர்ஸ்’ என்பதை ஆன் செய்து, அப்பாச்சியை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியையும் பாருங்கள். 404 என்றால் பாதையோ ஃபைல் பெயரோ தப்பு. 500 என்றால் சர்வர் பக்கம் ஏதோ உடைந்திருக்கிறது, விவரம் அப்பாச்சியின் எரர் லாகில் இருக்கும்.

அடிக்கடி வரும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

‘மைஎஸ்கியூஎல் கனெக்ட்’ என்ற ஃபங்ஷனே இல்லை என்று வந்தால் நீங்கள் பார்ப்பது பழைய பாடம். அந்தக் குடும்பத்து ஃபங்ஷன்கள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-லேயே நீக்கப்பட்டுவிட்டன. சீனியர் கொடுத்த ப்ராஜெக்ட்டில் இன்னும் அவை இருக்கும். பெயரில் ஓர் ‘ஐ’ சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது. இணைப்பை எந்த இடத்தில் கொடுக்க வேண்டும் என்ற வரிசையும் மாறிவிட்டது. டேட்டாபேஸோடு பேச பிஎச்பியில் இப்போது இருப்பவை மைஎஸ்கியூஎல்ஐ, பிடிஓ; இரண்டில் ஒன்றை முதலிலிருந்து படித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பிடிஓ.

க்வெரி தந்த விடைக்குப் பதில் ‘ஃபால்ஸ்’ வந்ததாக விடையை எடுக்கும் ஃபெட்ச் வரியில் புகார் வந்தால், அந்த வரியில் தப்பு இருக்காது. அதற்கு முன்னால் ஓடிய க்வெரி தோற்றிருக்கிறது. பிஎச்பி 8.1-லிருந்து மைஎஸ்கியூஎல்ஐ தானாகவே க்வெரி வரியில் நின்று காரணத்தைச் சொல்லிவிடும். பழைய பதிப்பில் நீங்கள்தான் எரரைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஃபார்மிலிருந்து மதிப்பு வரவில்லை, அப்படி ஒரு கீ இல்லை என்று வார்னிங் வருகிறதா? இன்புட்டில் ஐடி மட்டும் கொடுத்து நேம் கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். பிஎச்பிக்கு நேம்தான் வந்து சேரும். அல்லது ஃபார்ம் கெட் முறையில் அனுப்ப, நீங்கள் போஸ்ட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஹெடர் (பக்கத்துக்கு முன்னால் பிரவுசருக்குப் போகும் தகவல்) ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்ற எரர் லாகின் பக்கங்களில் வரும். அந்த மெசேஜில் இரண்டு ஃபைல் பெயர் இருக்கும். எல்லாரும் கடைசியில் இருப்பதைத் திறந்து தேடுவார்கள். அவுட்புட் தொடங்கிய இடம் என்று அடைப்புக்குறிக்குள் காட்டும் ஃபைலைத்தான் திறக்க வேண்டும். பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரு காலி வரியோ, கடைசியில் ?> குறிக்குப் பின்னால் ஒரு இடைவெளியோ போதும், இந்த எரர் வந்துவிடும். வெறும் பிஎச்பி மட்டும் உள்ள ஃபைல்களில் அந்த ?> குறியைப் போடாமலே விடுவது நல்லது. கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை, முதல் வரியையே காட்டுகிறது என்றால் ஃபைல் ‘பாம்’ என்ற, தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் சேரும் குறியோடு சேமிக்கப்பட்டிருக்கலாம். எடிட்டரில் யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை), பாம் இல்லாமல் என்று மாற்றிச் சேமியுங்கள்.

டேட்டாபேஸ் சொல்லும் எண்கள்

மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு எரருக்கும் ஓர் எண் கொடுக்கும். தேடும்போது மெசேஜ் முழுவதையும் விட அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் சுருக்கமாக விஷயம் கிடைக்கும்.

2002 என்றால் மைஎஸ்கியூஎல் ஓடவில்லை, அல்லது ஹோஸ்ட் பெயர் தப்பு. 1049 என்றால் அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லை, 1146 என்றால் டேபிள் இல்லை, 1054 என்றால் காலம் (டேபிளின் நெடுவரிசை) இல்லை. மூன்றுமே பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். 1062 என்றால் ஏற்கெனவே இருக்கும் ஒரு கீயைத் திரும்பச் சேர்க்கிறீர்கள். 1364 ஐடி காலத்துக்கு வந்தால் ஆட்டோ இன்க்ரிமென்ட் டிக் செய்ய மறந்திருக்கிறீர்கள்.

1045 அனுமதி மறுப்பு. இதன் கடைசியில் பாஸ்வேர்டு பயன்படுத்தியதா என்று எஸ் அல்லது நோ இருக்கும். அதைக் கவனிக்காமல் போய்விடாதீர்கள். நோ என்றால் உங்கள் கோடிங் பாஸ்வேர்டையே அனுப்பவில்லை, கான்ஃபிக் ஃபைல் சேரவில்லை என்று தேடுங்கள். எஸ் என்றால் அனுப்பியிருக்கிறது, ஆனால் யூசர் பெயரோ பாஸ்வேர்டோ ஒத்துப்போகவில்லை. ஸாம்ப்பில் ரூட் யூசருக்கு முதலில் பாஸ்வேர்டே கிடையாது, அதனால் அங்கே எதையாவது எழுதிவைத்தாலே எஸ் என்று மறுக்கும்.

1064-தான் எல்லாரையும் பயமுறுத்துவது. க்வெரியின் இலக்கணம் தப்பு. மெசேஜில் ‘நியர்’ என்று சொல்லி ஒற்றை மேற்கோளுக்குள் க்வெரியின் ஒரு துண்டைக் காட்டும். மைஎஸ்கியூஎல் திகைத்து நின்ற இடம் அது. தப்பு அதற்குச் சற்று முன்னால் இருக்கும். பெயர், விலை, என்று எழுதி அடுத்து ‘ஃப்ரம்’ போட்டால், காட்டும் துண்டு ‘ஃப்ரம்’ என்றுதான் தொடங்கும். உண்மையான தப்பு அதற்கு முந்தைய காற்புள்ளி. மேற்கோளுக்குள் ஒன்றுமே இல்லாமல் வந்தால், க்வெரி பாதியிலேயே முடிந்துவிட்டது என்று பொருள். அடைப்புக்குறி மூடவில்லை, அல்லது ஐடி = என்பதற்குப் பின்னால் வரவேண்டிய வேரியபிள் காலியாக இருக்கிறது.

தப்பு கண்ணில் படவில்லை என்றால் க்வெரியை ஓட்டுவதற்கு முன் திரையில் அச்சிடுங்கள். நீங்கள் எழுதியதாக நினைக்கும் க்வெரியும், உண்மையில் போகும் க்வெரியும் பல நேரம் வேறாக இருக்கும். அச்சானதை எடுத்து பிஎச்பிமைஅட்மினில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.

டேபிளுக்கு ‘ஆர்டர்’ என்றும் காலத்துக்கு ‘க்ரூப்’, ‘டெஸ்க்’ (டிஇஎஸ்சி), ‘கீ’ என்றும் பெயர் வைத்தாலும் 1064 வரும். அவை மைஎஸ்கியூஎல் தனக்கென்று வைத்திருக்கும் சொற்கள். ‘ரேங்க்’ கொஞ்சம் வித்தியாசமானது. ஸாம்ப்புக்குள் இருப்பது உண்மையில் மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி, அதில் ‘ரேங்க்’ என்ற காலம் தடையில்லாமல் ஓடும். மைஎஸ்கியூஎல் 8 இருக்கும் சர்வரில் ஏற்றியவுடன் நின்றுவிடும். பூ_விலை, பில்_ஆர்டர் என்கிற மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பெயர் வைத்தால் இந்தக் கவலை இல்லை.

இன்னொரு 1064 ஒரு பெயரால் வரும். நம் கடற்கரை ஊர்களில் டி’குரூஸ் போன்ற பெயர்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு மேற்கோள் குறி வரும். வியாபாரி பெயரை நேராக க்வெரியில் ஒட்டியிருந்தால், அந்தக் குறியிலேயே பெயர் முடிந்துவிட்டதாக மைஎஸ்கியூஎல் எடுத்துக்கொள்ளும். இந்த ஓட்டை வழியாகத்தான் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் தாக்குதலும் நடக்கிறது. குறியை நீக்கச் சொல்லி ஃபார்மில் தடை போடாதீர்கள், அது அவர் பெயர். ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் பயன்படுத்துங்கள். க்வெரியில் மதிப்பு வரும் இடத்தில் ? வைத்து, மதிப்பைத் தனியாக அனுப்புவது. முதல் ப்ராஜெக்ட்டிலிருந்தே இதைப் பழகுங்கள்.

விலைக்கு ஃப்ளோட் வேண்டாம். கூட்டும்போது பைசாக் கணக்கு இழுக்கும், சமமா என்று தேடினால் சில சமயம் கிடைக்காது. டெசிமல் 10,2 என்று வையுங்கள்.

விலையைத் திருத்தும் அப்டேட் க்வெரியில் ‘வேர்’ நிபந்தனை விட்டுப்போனால் எல்லாப் பூவுக்கும் பிச்சியின் விலை வந்துவிடும். அதே நிபந்தனையோடு முதலில் செலக்ட் ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று பாருங்கள், அப்புறம் அப்டேட்.

தமிழ் கேள்விக்குறியாக மாறும்போது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாடங்களில் இது வராது, நமக்கோ முதல் நாளே வரும்.

தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால், எப்படித் தெரிகிறது என்று முதலில் உற்றுப் பாருங்கள். கேள்விக்குறிகளாக வந்தால் ஒரு நோய். தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில எழுத்தும் பக்கத்தில் வட்டத்துக்குள் எழுத்து இருக்கும் பதிவுக்குறியும் மாறி மாறி வந்தால் வேறு நோய். யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அந்த மூன்று பைட்டையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால் இப்படித்தான் வரும். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் அந்தக் கோடு போட்ட எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. இதில் தகவல் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், படிக்கும் முறைதான் தப்பு. கேள்விக்குறி அப்படியில்லை. பிஎச்பிமைஅட்மினில் பார்த்தாலும் கேள்விக்குறிகள்தான் இருக்கின்றன என்றால், சேமிக்கும்போதே தமிழ் தொலைந்துவிட்டது. திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

நான்கு இடம் ஒத்துப்போக வேண்டும். ஃபைல் யூடிஎஃப்-8-ல் சேமித்திருக்க வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் கேரக்டர்செட் யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும். டேபிள் யூடிஎஃப்8எம்பி4-ல் இருக்க வேண்டும். நான்காவது, எல்லாரும் மறப்பது: டேட்டாபேஸ் இணைப்பும் அதே யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லியிருக்க வேண்டும். இணைத்த அடுத்த வரியிலேயே செட் செய்யுங்கள். பிடிஓ என்றால் இணைப்பு முகவரியிலேயே சேர்த்துவிடலாம்.

பிஎச்பிமைஅட்மினில் தமிழ் அழகாக இருக்கிறது, உங்கள் பக்கத்தில் மட்டும் கேள்விக்குறி என்றால் அந்த நான்காவதுதான் காரணம். இதற்கு நேர்மாறாக, உங்கள் பக்கத்தில் சரியாக இருந்து பிஎச்பிமைஅட்மினில் கோடு போட்ட எழுத்துகளாகத் தெரிந்தால், அதுதான் கெட்ட நிலைமை. எழுதும்போது ஒரு தப்பு, படிக்கும்போது அதே தப்பு, இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் இணைப்பைச் சரிசெய்த அன்றைக்குப் பழைய பதிவுகள் எல்லாம் கெட்டுப்போனதாகத் தெரியும். அப்போது பயந்து பழைய முறைக்குத் திரும்பாதீர்கள். எக்ஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டு, பழைய பதிவுகளை ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். தகவல் குறைவு என்றால் திரும்ப அடிப்பதே வேகமான வழி.

மைஎஸ்கியூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்று தேர்ந்தெடுத்தால் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் கிடைக்கும். தமிழுக்கு அது போதும். ஆனால் யாராவது பிச்சிக்குப் பக்கத்தில் ஒரு பூ இமோஜி போட்டால் அதற்கு நான்கு பைட் வேண்டும், 1366 என்று எரர் வரலாம். அதனால்தான் எம்பி4.

நீளக் கணக்கும் தமிழில் ஏமாற்றும். ‘நாகர்கோவில்’ கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக் குறிகள் என்பதால் அது பதினொரு குறி. பைட் கணக்கில் முப்பத்து மூன்று. பிஎச்பியின் சாதாரண ஸ்ட்ரிங் லென்த் ஃபங்ஷன் 33 என்று சொல்லும், எம்பி என்று தொடங்கும் ஃபங்ஷன் 11 என்று சொல்லும். மைஎஸ்கியூஎல்லின் வார்கேரக்டர் 10 என்ற காலத்தில் குறிகளைத்தான் எண்ணுவார்கள். ஆகவே ஆறெழுத்து நாகர்கோவில் அதில் அடங்காது. கண்டிப்பு முறை (ஸ்ட்ரிக்ட் மோட்) இருக்கும் சர்வரில் 1406 எரர் வரும். ஸாம்ப்பில் அந்தக் கண்டிப்பு பெரும்பாலும் அணைந்திருக்கும், அதனால் சத்தமில்லாமல் கடைசிப் புள்ளியை வெட்டி ‘நாகர்கோவில’ என்று சேமித்துவிடும். ஊர்ப் பெயருக்கு 100 என்று வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

நீளமான வர்ணனையைச் சுருக்கிக் காட்ட சாதாரண சப்ஸ்ட்ரிங் ஃபங்ஷனைப் போட்டால் மூன்று பைட்டின் நடுவில் வெட்டிவிடும், கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். அதையே ஜேசனாக (ஆப்புகளுக்குத் தகவல் அனுப்பும் எழுத்து வடிவமாக) மாற்றி ஃபோன் ஆப்புக்கு அனுப்பினால் ஜேசன் என்கோடு ‘ஃபால்ஸ்’ கொடுத்துவிடும், ஆப்பில் வெறுமை. காரணம் தேடி நாள் முழுக்க அலைவீர்கள். தமிழ் புழங்கும் இடத்தில் எம்பி ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள்.

விடியற்காலை விலை நேற்றைய தேதியில்

தோவாளையில் விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். மூன்று மணிக்கு ஒருவர் விலையைப் பதிகிறார் என்று வையுங்கள். பக்கத்தில் அது நேற்றைய விலையாகத் தெரிகிறது. பகலில் நீங்கள் சோதித்தால் தேதி சரியாக இருக்கும். அதனால் கண்டுபிடிக்கவே முடியாது.

ஸாம்ப்பின் ஐஎன்ஐ ஃபைலில் நேர மண்டலம் ஐரோப்பா/பெர்லின் என்று வைத்திருக்கும். நமக்கு மூன்று மணி என்றால் பெர்லினில் முந்தைய நாள் இரவு பத்தரை, அவர்களுடைய கோடைக்காலத்தில் பதினொன்றரை. அதே கம்ப்யூட்டரில் மைஎஸ்கியூஎல் விண்டோஸின் நேரத்தை எடுக்கும் என்பதால் அது மட்டும் சரியாகச் சொல்லும். வெளிச் சர்வர் பலவற்றில் இரண்டுமே யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும், அங்கே காலை ஐந்தரை வரை பதிவது எல்லாம் நேற்றைய கணக்குதான். பிஎச்பியில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வைத்து, மைஎஸ்கியூஎல் இணைப்புக்கும் +05:30 என்று சொல்லிவிடுங்கள்.

தேதியை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். மைஎஸ்கியூஎல் ஆண்டு-மாதம்-நாள் என்றுதான் கேட்கும். நாம் எழுதுகிற மாதிரி 01-11-1956 என்று கொடுத்தால் எரர் வரும், அல்லது எதிர்பாராத வேறு தேதி பதிவாகும். பிஎச்பியின் ஸ்ட்ரிங்-டு-டைம் ஃபங்ஷனிடம் அதையே கொடுத்தால் நடுக்குறியைப் பார்த்து முடிவெடுக்கும். சிறு கோடு இருந்தால் நவம்பர் 1, நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த நாள். சாய்கோடு போட்டு 01/11/1956 என்று கொடுத்தால் அமெரிக்க முறையில் ஜனவரி 11 ஆக்கிவிடும், எரரும் வராது. ஃபார்மில் டேட் வகை இன்புட் வைத்தால் ஆண்டு முதலில் வரும் வடிவத்திலேயே கிடைக்கும். பிறந்த தேதிக்கு டைம்ஸ்டாம்ப் வகையை எடுக்காதீர்கள், அது 1970-லிருந்துதான் தொடங்குகிறது. டேட் போதும்.

சர்வரில் ஏற்றியபின்

வீட்டில் ஓடியது, சர்வரில் ஓடவில்லை. முதலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸ் சர்வரில் ஃபைல் பெயரும் டேபிள் பெயரும் அப்படியே ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 404 அல்லது 1146. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் பிஎச்பி பதிப்பைச் சரிபாருங்கள், வீட்டில் இருப்பதும் அங்கே இருப்பதும் வேறாக இருக்கலாம். டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு மூன்றும் அங்கே வேறு. ரூட் யூசரும் காலிப் பாஸ்வேர்டும் அங்கே செல்லாது, செல்லவும் கூடாது.

பொதுச் சர்வரில் எரரைத் திரையில் காட்டுவதை நிறுத்தி, லாக் ஃபைலில் எழுத வையுங்கள். எரர் மெசேஜில் ஃபோல்டர் பாதையும் டேபிள் பெயரும் இருக்கும், பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் பிடிபடவில்லை என்றால் யாரிடமாவது கேளுங்கள், தயங்க வேண்டாம். கேட்கும்போது எரர் மெசேஜை ஃபோட்டோ எடுக்காமல் எழுத்தாகக் காப்பி செய்து அனுப்புங்கள். பிஎச்பி, மைஎஸ்கியூஎல் பதிப்பு எண்கள், மேலே சொன்ன நான்கு படியில் எதுவரை சரியாக வந்தது, கடைசியாக எதை மாற்றினீர்கள், இவற்றையும் சேருங்கள். ப்ராஜெக்ட் முழுவதையும் ஜிப் போட்டு அனுப்பாதீர்கள். கோளாறு வரும் அளவுக்கு மட்டும் சுருக்கி, பத்து இருபது வரியாக அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.